டிஷ்யூ பாக்கெட் பிடித்த இடம்

பகல் பன்னிரண்டரைக்குச் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் மேசை கிடைப்பது லேசான காரியம் இல்லை. கிடைத்ததும் முதல் வேலை, பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைப்பது. அதை வைத்துவிட்டால் நாலு பேரும் நாலு திசையில் போய் வரிசையில் நிற்கலாம், இடம் பறிபோகாது. வெளியூர் நண்பருக்கு இந்த வழக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

போன வாரம் பானம் வாங்குவது என் முறை. ஒருவருக்குத் தே ஓ கோசோங், இன்னொருவருக்குக் கோப்பி சி சீனி குறைச்சு, மூன்றாமவருக்கு ஐஸ் மைலோ, எனக்குத் தே தாரே. நாலே பானம். வாய்க்குள் சொல்லிக்கொண்டே வரிசையில் நகர்ந்தேன். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது கைபேசி அடித்தது. காப்புறுதி விற்கும் யாரோ. வேண்டாம் என்று வைத்துவிட்டு நிமிர்ந்தால், மைலோவும் என் தே தாரேயும் மட்டும்தான் மனத்தில் மிச்சம்.

இது வயதின் கோளாறு இல்லை, மூளையின் அமைப்பே அப்படி. இப்போது கையாள்கிற விஷயத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் பகுதியைச் செயல்படு நினைவு என்கிறார்கள். அதில் சுமார் ஏழு உருப்படிகள் தங்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பிற்பாடு, 2001இல், நெல்சன் கோவன் சான்றுகளை அலசிப் பார்த்து அந்த எண்ணை நான்குக்குப் பக்கத்தில் இறக்கினார். நாலு இருக்கை மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக ஒரு காப்புறுதிக்காரர் வந்து உட்கார்ந்தால் யாராவது எழுந்துதான் ஆகவேண்டும்.

அப்படியானால் செய்யவேண்டியதை எழுதி வைப்பது மறதிக்கு மருந்து, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எழுதியதும் மனம் லேசாகிறதே, அது எதனால்? வேலை இன்னும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

இந்தக் கேள்வியின் வேர் 1920களின் பெர்லினில் இருக்கிறது. உளவியலாளர் கர்ட் லெவின் உணவகத்தில் ஒன்றைக் கவனித்தார் என்று ஒரு கதை உண்டு: பணம் தராத மேசைகளின் கணக்கைப் பரிமாறுபவர் துல்லியமாகச் சொல்கிறார், பணம் வந்ததும் மறந்துவிடுகிறார். அவருடைய மாணவி புளூமா ஜைகார்னிக் இதைச் சோதனைக்குக் கொண்டுபோனார். களிமண் பொம்மை பிடிப்பது, புதிர் விடுவிப்பது போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டால், நின்றுபோனவைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் இருந்தன. 1927இல் வெளிவந்த அந்த முடிவை இன்றைக்கும் மேடைப் பேச்சாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பிற்காலத்தில் பலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை. 2025இல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வில், அரைகுறை வேலை கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதற்கே ஆதாரம் தேறவில்லை. தேறியது, லெவினின் இன்னொரு மாணவி மரியா ஓவ்சியாங்கினா சொன்னது: நிறுத்திய வேலைக்குத் திரும்பிப் போகும் இழுப்பு. விடாமல் நச்சரிப்பது அந்த இழுப்புதான். சீரியலின் கடைசிக் காட்சியில் கதவைத் திறந்தது யார் என்று காட்டாமல் ‘தொடரும்’ போடுபவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

அந்த இழுப்பை அடக்க வேலையை முடித்தே ஆகவேண்டுமா? வேண்டாம் என்று 2011இல் உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டினார்கள். முடிக்காத காரியங்களை மனத்தில் கிளறிவிட்டு ஒரு நாவலின் பகுதியைப் படிக்கச் சொன்னால் கவனம் சிதறுகிறது. அதே காரியத்தை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட வைத்துவிட்டுப் படிக்கச் சொன்னால் அந்தத் தொந்தரவு வருவதில்லை. காரியம் ஆகவில்லை, இடம் பிடித்தாகிவிட்டது. மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருப்பதால் மனம் நிம்மதியாகப் போய் வரிசையில் நிற்கிறது.

தூக்கத்திலும் இது தெரிகிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளையர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் வரும் நாள்களில் செய்யவேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டார்கள். விலாவாரியாக எழுத எழுத இன்னும் சீக்கிரம். 2018இல் வந்த சிறிய ஆய்வு இது, ஒரே இரவுதான், அதனால் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ‘விலாவாரியாக’ என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன். என் பட்டியல் தோற்ற இடம் அதுதான்.

அம்மாவின் கால்சியம் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் கைபேசியில் ‘அம்மா மாத்திரை’ என்று எழுதி, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒலிக்கவும் வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு நான் எங்கே இருப்பேன்? வடகிழக்கு ரயில் பாதையில், ஒரு கை கம்பியில், முகத்துக்கு நேராக யாரோ ஒருவரின் முதுகுப்பை. மணி அடிக்கும், கட்டைவிரலால் தள்ளிவிடுவேன். மாலையில் செங்காங்கில் இறங்கி அந்த மருந்துக்கடையின் வாசல் வழியாகவேதான் நடப்பேன். அப்போது அந்த நினைப்பே வராது. இருபத்தொரு நாள் அப்படி நடந்திருக்கிறேன்.

“போன்ல எழுதி வச்சிருக்கேம்மா” என்றேன்.

“போனா வந்து என் முட்டிக்குப் பதில் சொல்லும்?” என்றார்.

இனிமேல் செய்யவேண்டியதை நினைவில் வைப்பது, நடந்ததை நினைவில் வைப்பதிலிருந்து வேறான திறன். ஆய்வாளர்கள் ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் (இவர் வேறு ஐன்ஸ்டைன்) இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று நேரத்தைப் பிடித்துக்கொள்வது: மூன்று மணிக்கு அழைக்கவேண்டும். மற்றது நிகழ்வைப் பிடித்துக்கொள்வது: தம்பியைப் பார்த்தால் சாவியைக் கொடுக்கவேண்டும். பொதுவாக இரண்டாவது எளிது, ஏனென்றால் தம்பியின் முகமே மணி அடித்துவிடும். நேரத்துக்கு முகம் கிடையாது, நாமே அவ்வப்போது எட்டிப் பார்க்கவேண்டும்.

பழைய ஆட்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டார்கள். கண்ணில் படும், கையில் தட்டும், அதனால் அருமையான தூண்டல்தான். ஆனால் எதற்காக முடிந்தோம் என்பதை முடிச்சு சொல்லாது. கைபேசிப் பட்டியல் அப்படியே தலைகீழ்: என்ன என்று சொல்லும், சரியான இடத்தில் கையைத் தட்டாது. இரண்டையும் ஒன்றாக்கியவர் என் பாட்டி. மாதச் சாமான் பட்டியலின் தலையில் பிள்ளையார் சுழி போடுவார். அதன் கீழே பொருள்கள் அகர வரிசையிலும் இல்லை, விலை வரிசையிலும் இல்லை. முதலில் தேக்கா ஈரச்சந்தையின் மீன், அப்புறம் ஆட்டுக்கறி, அப்புறம் வெளியே வந்து பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, கடைசியில் பூச்சரம். கால் போகிற வழிதான் பட்டியல். ஒவ்வொரு கடையும் அடுத்த வரியை ஞாபகப்படுத்தும். சின்ன வயதில் அவர் பின்னால் பை தூக்கிக்கொண்டு போனபோது இதெல்லாம் எனக்குப் புரியவில்லை, பை கனத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பாட்டி செய்ததற்கு ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது: ‘இது நடந்தால், அதைச் செய்வேன்.’ 1997இல் வெளிவந்த ஒரு சோதனையில் மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் பத்துக்குச் சுமார் ஏழு பேர் அனுப்பினார்கள். மற்றவர்களில் சுமார் மூன்று பேர். 2006இல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் நன்றாகவே தெரிந்தது. இந்த முறையில் வைராக்கியத்துக்கு வேலை குறைவு. முடிவை முன்னாலேயே எடுத்துவிடுவதால், அந்த இடம் கண்ணில் பட்டதும் செயல் கிட்டத்தட்டத் தானாகக் கிளம்புகிறது.

சரி, நானும் மாற்றி எழுதினேன்: ‘செங்காங்கில் அட்டையைத் தட்டி வெளியே வந்ததும், பேருந்துப் பக்கம் திரும்பாமல் மருந்துக்கடைக்குள் போவேன்.’ அன்று மாலையே மாத்திரை வந்தது.

தூண்டலால் தீராத பிரச்சினை ஒன்றும் உண்டு, நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. திட்டமிடல் மயக்கம் என்று இதை உளவியலாளர்கள் கானமனும் டிவர்ஸ்கியும் 1979இல் அடையாளம் காட்டினார்கள். கனடாவில் 1994இல் வந்த ஆய்வொன்றில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டுக்கு மாணவர்கள் சராசரியாக 34 நாள் என்று கணித்தார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைக்கு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் பதினாலு வேலை இருந்தது, முறுக்குச் சுடுவதும் திரைச்சீலை மாற்றுவதும் உட்பட. முறுக்கே மாலை வரை இழுத்தது.

செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். இடத்தைக் கண்டறிந்து ஒலிக்கும் நினைவூட்டல் எனக்குப் பிடிக்கும், காரணம் மேலே சொன்னதுதான். இருபத்தைந்து நிமிடம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் படிக்கும் காலத்தில் உருவாக்கியது, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. வேலைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிக்கொண்டே ஒரு ஞாயிறை ஓட்ட உதவும் செயலிகளும் இருக்கின்றன. அவை வேலையிலிருந்து தப்பிக்க நாகரிகமான வழி என்பது என் சொந்த அபிப்பிராயம். இரண்டு ஞாயிறு அப்படிப் போயிருக்கின்றன.

அடுத்த தடவை மாத்திரை தீர்ந்தபோது அம்மா என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. காலையில் அவசரமாகக் கிளம்பி, வாசலுக்கு வெளியே செருப்படுக்கில் இருந்த சப்பாத்துக்குள் காலை விட்டேன், உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தால் மாத்திரையின் காலி டப்பா.