சுழலும் விண்கலத்தில் பந்து நேராக விழுவதில்லை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விண்வெளிக் கதை எழுதத் தொடங்கும் மாணவர்கள், கலத்துக்குள் "செயற்கை ஈர்ப்பு இருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கதைமாந்தரை வீட்டு விறாந்தையில் நடப்பதுபோல் நடக்க விட்டுவிடுகிறார்கள். அந்த ஈர்ப்பு எப்படி உண்டாகிறது என்பதைத் தொடர்ந்து போனால், எந்தக் கற்பனைக்கும் குறையாத வியப்புகள் அங்கே காத்திருக்கின்றன. அவற்றை விளங்கிக்கொள்ள உயர்தர வகுப்பில் படிக்கும் வட்ட இயக்கமே போதும்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அந்த உயரத்திலும் புவியீர்ப்பு தரைமட்டத்தில் உள்ளதில் 90 சதவீதமளவுக்கு இருக்கிறது. ஆனால் நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால், அவர்களைத் தாங்கும் தரை என்று எதுவும் இல்லை, ஆகவே மிதக்கிறார்கள். தாங்கவேண்டிய பாரம் இல்லாத எலும்பு மெலிகிறது. இடுப்பெலும்பு போன்ற பகுதிகளில் மாதமொன்றுக்கு ஒரு சதவீதத்துக்கும் மேலாக எலும்புத் திணிவு குறைவதால், வீரர்கள் நாளாந்தம் இரண்டு மணிநேரமளவில் உடற்பயிற்சி செய்கிறார்கள். செவ்வாய்க்கோ அதற்கப்பாலோ செல்லும் நெடும்பயணத்துக்கு வேறு வழி வேண்டும்.

வழி, கலத்தைச் சுழற்றுவதுதான். கார்னிவலில் மரணக் கிணற்றின் செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நேர்கோட்டில் போக முனையும் வண்டியைச் சுவர் கணந்தோறும் மையத்தை நோக்கித் தள்ளி வளைக்கிறது. அந்தத் தள்ளலே ஓட்டுநருக்குப் பாரமாகத் தெரிகிறது. வளைய வடிவக் கலத்தின் வெளிச்சுவரும் அவ்வாறே பயணிகளின் பாதத்தைத் தள்ளித் தரையாகிவிடுகிறது. இந்தத் தள்ளல் தரும் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்), ஆரையை கோண வேகத்தின், அதாவது சுழலும் வேகத்தின், வர்க்கத்தால் பெருக்கக் கிடைக்கும். நிமிடத்துக்கு இரு சுற்று சுழன்று பூமியில் உள்ள நிறையைத் தரவேண்டுமானால், ஆரை 224 மீற்றர் வேண்டும். வேகத்தை இரட்டித்தால் அதில் நான்கிலொரு பங்கு ஆரை போதும். ஆனால் விரைவாகச் சுழலும்போது தலையைத் திருப்பினால் உட்காதின் அரைவட்டக் கால்வாய்களில் உள்ள திரவம் குழம்பி, தலைசுற்றலும் குமட்டலும் வரும். நிமிடத்துக்கு இரு சுற்று என்பது பெரும்பாலானோர் சிரமமின்றித் தாங்கக்கூடிய வேகம்.

கதைக்குச் சுவை சேர்ப்பது சிறிய கலம் என்பது என் எண்ணம். 15 மீற்றர் ஆரையுள்ள வளையம் பூமியின் நிறையைத் தர நிமிடத்துக்கு 7.7 சுற்று சுழலவேண்டும். அதன் விளிம்பு செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில் நகரும். அங்கே சுழலும் திசையில் செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடும் சிறுமியின் நிறை ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். அவள் திரும்பி எதிர்த்திசையில் ஓடினால் நிறை ஏறக்குறைய பாதியாகும். அதே 12 மீற்றர் வேகத்தில் எதிர்த்து ஓட முடிந்தால், கால் தரையை விட்டு எழுந்து மிதக்கத் தொடங்கிவிடுவாள்.

அவள் கையிலுள்ள பந்தை ஒன்றரை மீற்றர் உயரத்தில் விட்டால், அது காலடியில் விழாமல், சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக அரை மீற்றர் தள்ளி விழும். கைவிட்ட கணத்திலிருந்து பந்து நேர்கோட்டில்தான் போகிறது. அதற்குள் தரை அதை முந்திச் சென்றுவிடுகிறது. 224 மீற்றர் கலத்தில் இந்த விலகல் சுமார் 12 சென்றிமீற்றராகக் குறைந்துவிடும். கொரியோலிசு விளைவு எனப்படும் இது கிழக்கிலங்கைக்குப் புதியதன்று. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி சுழன்றதும் இதனாலேயே. பூமி நாளுக்கு ஒரு சுற்றே சுழல்வதால், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவரும் காற்றில்தான் அதன் திருப்பம் தெரிகிறது. நிமிடத்துக்கு இரு சுற்றுச் சுழலும் கலமோ அதைவிட 2880 மடங்கு விரைவானது என்பதால், கைக்கும் தரைக்கும் இடையிலேயே அது வெளிப்படுகிறது.

மனிதர் இதை விண்வெளியில் சிறு அளவில் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 1966 செப்தெம்பரில் அமெரிக்காவின் ஜெமினி 11 கலம், அஜெனா என்ற இன்னொரு கலத்துடன் 30 மீற்றர் நீளப் பட்டியால் பிணைக்கப்பட்டு மெதுவாகச் சுழன்றபோது மிகச் சிறிய ஈர்ப்பு உண்டானது. அன்று உள்ளே ஏறி இறங்க ஏணி இருக்கவில்லை. வளையத்திலிருந்து மையத்துக்கு ஏணி வைக்கும் கலத்தில், மேலே ஏறுபவர் விளிம்பில் பெற்ற வேகத்தோடே வருவதால் சுழலும் திசையில் தள்ளப்படுவார். இறங்குபவர் எதிர்த்திசையில் தள்ளப்படுவார். ஆகவே அந்த ஏணியில் ஏறுபவர் ஒரு பக்கமாகவும் இறங்குபவர் மறுபக்கமாகவும் செல்லவேண்டும். அப்போதுதான் தள்ளல் இருவரையும் படிகளோடு சேர்த்து அழுத்தும். பக்கத்தை மாற்றிப் பிடித்தவரை அதே தள்ளல் ஏணியிலிருந்து பிரித்து இழுக்கும்.