பூந்தோட்டம் பார்க்கப் போகிறவருக்கு ஏற்ற சிறிய கேமரா

நியூயார்க்கின் மான்ஹாட்டனில், கைவிடப்பட்ட மேம்பால ரயில் பாதையின் மேல் அமைந்திருக்கிறது ஹை லைன் பூங்கா. 2009-இல் முதல் பகுதி திறக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். அதன் நடவை வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் அவுடால்ஃப். ஆண்டுக்காண்டு தாமே துளிர்க்கும் பல்லாண்டுச் செடிகளைச் சேர்த்து நடும்போது, அவர் நிறத்துக்கு முன்பாக வடிவத்தைப் பார்க்கிறார். கதிராக நிமிரும் சால்வியா, குமிழ்த் தலையோடு நிற்கும் எக்கினேசியா, பின்னால் இறகாக அசையும் புல் என ஒன்றுக்கொன்று துணை நிற்கும்படி அமைப்பார். பூ வாடிய பிறகும் விதைத் தலைகள் குளிர்காலம் முழுக்க நிற்கும்.

இப்படிப்பட்ட தோட்டத்தில் ஒற்றைப் பூவின் படம் பாதிக் கதையைத்தான் சொல்லும். முன்னால் நிற்கும் பூவும் பத்தடி தள்ளி நிற்கும் புல்லும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டும். இங்கேதான் சட்டைப்பை கேமரா பெரிய கேமராவை முந்துகிறது.

காரணம் சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லின், அளவு. முழுச்சட்டக கேமரா எனப்படும் பெரிய கேமராவின் சென்சார் 36×24 மில்லிமீட்டர். சோனி ஆர்எக்ஸ்100 போன்ற தரமான சிறிய கேமராக்களில் அது 13.2×8.8 மில்லிமீட்டர். சென்சார் சிறுத்தால், அதே அகலக் காட்சியைப் பிடிக்கக் குறைந்த குவியத் தூரமுள்ள லென்ஸ் போதும். பெரியதில் 24 மில்லிமீட்டர் என்றால் சிறியதில் 8.8. குவியத் தூரம் குறையக் குறைய, தெளிவாகத் தெரியும் ஆழம் கூடுகிறது. லென்ஸின் எஃப்/5.6 துளையில் (எஃப் எண் சிறுத்தால் துளை பெரிது), சிறிய கேமராவை ஒன்றேகால் மீட்டரில் குவித்தால், சுமார் 60 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். எக்கினேசியாவின் ஆரஞ்சுக் கூம்பில் சுழல் சுழலாக அடுக்கிய முட்களையும் எண்ணலாம், பின்னணிப் புல்லின் தாள்களையும் பிரித்துப் பார்க்கலாம். அதே துளையில் பெரிய கேமராவில் தெளிவு ஒன்றேமுக்கால் மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்.

அதற்காக, இருப்பதிலேயே சிறிய சென்சாரை வாங்கிவிடக் கூடாது. மலிவான நெடுந்தூர ஜூம் கேமராக்களில் சென்சார் சுமார் 6.2×4.6 மில்லிமீட்டர்தான், மேற்சொன்னதில் கால் பங்குப் பரப்பு. வெளிச்சம் மங்கியதும் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மெகாபிக்சல் எண்ணிக்கை இதைச் சரிசெய்யாது. ஜூமுக்கும் ஒரு விலை உண்டு: பானசோனிக் டிஇசட்200 கேமரா முழுச்சட்டகக் கணக்கில் 360 மில்லிமீட்டர் வரை எட்டும், ஆனால் அதன் லென்ஸ் எஃப்/3.3-இல்தான் தொடங்குகிறது. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். தோட்டத்தில் செடி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நான் ஜூமை விட்டு ஒளியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

சிவப்புப் பூக்களிடம் எச்சரிக்கை தேவை. கேமராவின் ஒளிமானி சுற்றியுள்ள பச்சையையும் சேர்த்து மொத்த வெளிச்சத்தை அளக்கிறது. வெயிலில் மொனார்டா பூவின் இதழ் சிவப்பு ஒளியை மட்டும் அள்ளித் தருவதால், சிவப்புப் பதிவு உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிடும். இதழின் நரம்பும் மடிப்பும் மறைந்து சிவப்புத் திட்டாகத் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது படம் பெறும் ஒளியை, ஒரு படி குறைத்தால் மடிப்புகள் மீளும். ஆகவே, அந்தத் திருத்தத்துக்குத் தனிச் சக்கரமோ பொத்தானோ இருக்கிறதா, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) சேமிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அந்தி நேரத்தில் வேறொன்று நடக்கிறது. மங்கிய ஒளியில் நம் கண்ணின் உணர்திறன் நீலப் பக்கம் நகர்வதால் சிவப்புப் பூ கறுத்து, நீல சால்வியா ஒளிர்வதாகத் தோன்றும். செக் அறிஞர் புர்கின்யேயின் பெயரால் வழங்கும் விளைவு இது. கேமராவுக்கு இந்த மாற்றம் கிடையாது; படத்தில் சிவப்பே மேலோங்கும். கண் கண்டதே வேண்டுமென்றால், ரா கோப்பில் சிவப்பின் பிரகாசத்தைப் பிறகு தணிக்க வேண்டும்.

அந்தியிலும் காற்றில் புல் அசைவது நிற்காது. எஃப்/5.6-இல் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் வெளிச்சத்தில், எஃப்/1.8-க்கு மாறினால் இருநூற்றில் ஒரு பங்கு போதும். புல்லின் இறகு குழம்பாமல் பதியும். நான்கு மீட்டரில் குவித்தால், இரண்டு மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் அப்போதும் தெளிவாகவே இருக்கும்.