மண்ணடி உத்திரத்தில் இருப்பது எந்த ஊர் மழை?

மண்ணடியிலோ முத்தியால்பேட்டையிலோ பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடிக்கும்போது, கூரையைத் தாங்கிய தேக்கு உத்திரங்களைத் தனியாக அடுக்கி வைப்பார்கள். பர்மாத் தேக்குக்கு இன்றும் விலை உண்டு. அந்த உத்திரத்தின் தலைப்பக்கத்தில் ரம்பத்தால் ஒரு வில்லை அறுத்துப் பாருங்கள். நெருக்கமாக வளைகோடுகள் தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது மரத்தின் ஓர் ஆண்டு. மழை பொய்த்த ஆண்டில் அந்த இடைவெளி ஒடுங்கியிருக்கும். நன்றாகப் பெய்த ஆண்டில் அகன்றிருக்கும்.

எல்லா மரமும் இப்படிக் கணக்கு வைப்பதில்லை. பனைக்கும் தென்னைக்கும் ஆண்டு வளையமே கிடையாது. ஆலமரத்தில் தெளிவாக இருக்காது. தேக்கு கோடையில் இலையை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்திவிடும். மழை வந்து துளிர்க்கும்போது, நீரை மேலேற்றப் பெரிய குழாய்களை உண்டாக்கும். வெட்டுமுகத்தில் குண்டூசியால் வரிசையாகக் குத்தியது போலத் தெரிபவை அவைதான். புது ஆண்டு அங்கே தொடங்குகிறது.

வில்லை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 320, 400 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒன்றை விட்டால், முரட்டுத்தாளின் கீறல் அப்படியே நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வளையங்கள் அந்தக் கீறலில் மறைந்துபோகும். உயிரோடு நிற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே பொள்ளலான துரப்பணத்தைப் பட்டையிலிருந்து நடுத்தண்டை நோக்கித் திருகி, சுமார் 5 மி.மீ. தடிமனில் ஒரு குச்சியை எடுக்கலாம். அந்தக் குச்சியை மரச்சட்டத்தில் ஒட்டும்போது நார் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்து ஒட்டினால் வளைய எல்லை மங்கிவிடும், எடுத்த குச்சி வீண்.

பலரும் தவறு செய்யும் இடம் இதற்கு அடுத்தது. வளையத்தை எண்ணினால் வயது கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. பருவத்தின் நடுவே நீண்ட நாள் மழையில்லாமல் காய்ந்து, மறுபடி மழை பிடித்தால் தேக்கில் பொய் வளையம் விழும். அதன் விளிம்பு கூர்மையாக இல்லாமல் கரைந்தாற்போல் இருக்கும். கடும் வறட்சியில் சில பக்கங்களில் வளையமே விழாமலும் போகும். ஒரே ஒரு வளையம் தவறினாலும் அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளும் ஒன்று நகர்ந்துவிடும்.

அதனால்தான் பல மரங்களை ஒப்பிடுகிறார்கள். வரைபடத்தாளில் ஆண்டுக்கு ஒரு கட்டம். வளையம் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நீளக் கோடு. இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நாடா வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக நகர்த்தினால், நீளக் கோடுகள் எல்லாம் ஓரிடத்தில் பொருந்தும். பொருந்தாத இடத்தில்தான் பொய் வளையமோ காணாமல் போன வளையமோ இருக்கிறது. இந்த முறையை வளர்த்தவர் அமெரிக்க வானியலாளர் ஏ. ஈ. டக்ளஸ். 1929-இல் அரிசோனாவில் கிடைத்த ஒரு கரிந்த உத்திரத்தைக் கொண்டு, ஆண்டு தெரியாமல் மிதந்துகொண்டிருந்த பழைய வளையத்தொடரை அவர் நிகழ்காலத்தோடு இணைத்தார்.

பிறகு அகலத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளப்பார்கள். இளமரம் எப்படியும் அகல வளையம் போடும். வயதேற வளையம் ஒடுங்கும். இது மழையால் வருவதல்ல. எனவே வயதுக்கான வளைகோட்டைப் பொருத்தி, ஒவ்வொரு ஆண்டின் அகலத்தையும் அதனால் வகுத்துவிடுவார்கள். மிச்சமாகும் எண்ணை மழைமானிப் பதிவோடு ஒப்பிட வேண்டும். பதிவின் ஒரு பாதியில் உறவைக் கண்டு, மறு பாதியில் அது நிற்கிறதா என்று சோதித்தால்தான் மழைமானி இல்லாத காலத்துக்குப் போக முடியும்.

ஜாவாத் தேக்கில் 1514 முதல் 1929 வரையான வளையத்தொடரை டச்சு வானிலையாளர் பெர்லாகே 1931-இலேயே வெளியிட்டார். கேரளத் தேக்கிலிருந்து புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் உருவாக்கிய தொடர் 1481 முதல் 2003 வரை போகிறது. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோவோடு பருவமழை குறைந்த ஆண்டுகள் பல அதில் ஒடுங்கித் தெரிகின்றன. ஆசியா முழுவதும் 327 மரவளையத் தொடர்களைச் சேர்த்து 2010-இல் வெளியான வறட்சி வரைபடத் தொகுப்பில் 1876–78-இன் பெருவறட்சி பதிந்திருக்கிறது. நமக்கு அது தாது வருஷப் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டதுதான்.

ஆனால் எல்லாப் பஞ்சமும் வறட்சி அல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பேர் அது. அந்தப் பஞ்சத்தில் ஹைதர் அலியுடனான போருக்குப் பெரும் பங்கு உண்டு. மரம் போரை எழுதாது. ஏடுகளில் ‘பஞ்சம்’ என்று கண்டதையெல்லாம் மழையின்மை என்று கணக்கில் சேர்த்துவிடாமல் இருக்க, மரத்தின் சாட்சி தனியாக வேண்டியிருக்கிறது.

மண்ணடி உத்திரம் சொல்வது மண்ணடி மழையை அல்ல. பர்மாக் காட்டு மழையை. அதன் கடைசி வளையமும் வீடு கட்டிய ஆண்டல்ல. பர்மாவில் தேக்கின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுத்தான் வெட்டினார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. சதுரமாக இழைக்கும்போது வெளிப்பக்க வெள்ளையும், அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்மரமும், அதிலுள்ள கடைசி வளையங்களோடு போய்விடுகிறது.

வெள்ளத்தை மரம் சரியாகச் சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண் நிறைந்த பிறகு கொட்டும் மழை வளையத்தை அகலமாக்குவதில்லை. எண்ணூரை மூழ்கடித்த 2023 மிக்ஜாம் புயல் மழை போன்ற ஒன்றை வளைய அகலத்தில் தேடிப் பயனில்லை. ஏரிக்கரையில் வேர் எப்போதும் நனைந்து நிற்கும் மரமும் உதவாது, அதன் வளையங்கள் எல்லா ஆண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்.

வீடு இடிபடும்போது உத்திரத்தின் தலைப்பக்கத்தில் ஒரு வில்லையாவது எடுத்து வையுங்கள். ஓரத்தில் வெள்ளையோ பட்டையோ ஒட்டியிருக்கும் துண்டு கிடைத்தால் அதை முதலில் எடுங்கள், இழைக்க வேண்டாம். எந்தத் தெரு, எந்த அறை, எத்தனையாவது உத்திரம் என்று பென்சிலால் மரத்தின் மேலேயே எழுதுங்கள். காகிதச் சீட்டு கிடங்கில் தங்காது.