இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்: வேலூர் வெயிலுக்கும் வேலைக்கும் ஒத்துவரும் சாப்பாட்டு நேரம் எது?

"பதினாறு மணி நேரம் இருக்கணுமா, பதினாலு போதுமா?" நாளின் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு, மீதி நேரம் விரதம் இருக்கும் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் பற்றி ஆலோசனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நேற்று ராத்திரி கடைசி வாய் எத்தனை மணிக்கு?

காலை ஐந்தரைக்குப் பால் டீ. ராத்திரி பத்துக்கு இரண்டு தோசை, படுக்கும்முன் ஒரு தம்ளர் பால். கூட்டினால் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் வயிறு வேலை செய்கிறது. இப்படிப்பட்டவர் திங்கட்கிழமை முதல் 16:8 (பதினாறு மணி நேரம் விரதம், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு) என்று ஒரேயடியாகத் தலைகீழாகத் திருப்பினால், பெரும்பாலும் முதல் வாரத்தையே தாண்டுவதில்லை. டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ சாப்பாடுதான். மோரும் இளநீரும் கேழ்வரகுக் கூழும் சாப்பாடுதான். "கூழ்தான் குடிச்சேன், ஒண்ணும் சாப்பிடலை" என்பது செல்லாது. விரத நேரத்தில் தண்ணீர், சர்க்கரையில்லாத கட்டங்காபி அல்லது கட்டன் டீ, இனிப்பு போடாத சீரகத் தண்ணீர் மட்டும் போதும்.

நேரத்தின் நீளத்தைவிட அது நாளில் எங்கே விழுகிறது என்பது முக்கியம். உடலின் உள்கடிகாரம் இன்சுலினைப் பகலில் நன்றாக வேலை செய்ய விடுகிறது. இரவில் மெலடோனின் ஏறும்போது கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது. அதனால் அதே மூன்று இட்லி காலை எட்டுக்கு ஏற்றும் சர்க்கரையைவிட ராத்திரி பத்துக்கு அதிகம் ஏற்றும். 2018இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்கள் எட்டுப் பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடிக்க வைத்தார்கள். எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் விதமும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. 2020இல் 116 பேரிடம் மதியம் 12 முதல் இரவு 8 வரை என்ற பிரபலமான நேரத்தை 12 வாரம் சோதித்தபோது, மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், கலோரியைக் குறைத்த இரு குழுக்களில் ஒன்றுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 என்று நேரமும் கட்டினார்கள். இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மெலிந்தன. ஆக, நேரத்தைக் கட்டினாலே எடை இறங்கிவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டையும் அதோடு வரும் கொறிப்பையும் நிறுத்த நேரம் ஒரு நல்ல வேலி, அவ்வளவுதான்.

காலை டிபனைத் தள்ளிப்போட்டு மதியம் 1 முதல் இரவு 9 வரை சாப்பிடுவதுதான் நம் ஊரில் பலர் தேர்ந்தெடுக்கும் வழி. சுலபம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அது ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. பசியோடு மதியம் உட்கார்ந்து ஒரு படி சோறு உள்ளே போவதும் காலை டிபனை விட்டதால்தான். என் கட்சி எப்போதும் காலை 9 முதல் மாலை 7 வரையிலான பத்து மணி நேரம்.

தொடங்கும் முறை இது. ஞாயிறு உட்பட நான்கு நாள், முதல் வாயும் கடைசி வாயும் எத்தனை மணிக்கு என்று மட்டும் குறியுங்கள். பிறகு ராத்திரிப் பக்கத்தை மட்டும் நான்கு நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் முன்னே இழுங்கள். காலையைத் தொடாதீர்கள். மொத்தம் பன்னிரண்டு மணி நேரமானதும் இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள். தூக்கமும் பசியும் சமாளிக்கும்படி இருந்தால் மட்டும் பத்துக்கு இறங்கலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் இருந்தால் நெஞ்செரிச்சலும் குறையும்.

வேலையை மறந்துவிட்டு நேரம் குறிக்க முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, ஏழு மணிக்கு கம்பெனி பஸ். மாலை ஆறரைக்கு வீடு, மறுபடி அடுப்பு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தோடு அவர்கள் உட்காரும்போது ஒன்பதரை. இவர்களுக்கு 16:8 வேண்டவே வேண்டாம். ரத்தசோகையோடு காலைச் சாப்பாட்டையும் விட்டால் கம்பெனியில் தலைசுற்றி விழுவார்கள். காலை ஏழு முதல் மாலை ஏழேகால் வரை போதும். மதியக் குழம்பையே சூடாக்கி, வந்த அரை மணி நேரத்தில் முதலில் அவர்கள் சாப்பிட வேண்டும். வீட்டில் மற்றவர்கள் இதற்குச் சம்மதிப்பதுதான் கஷ்டமான பகுதி. மாமியாரிடமும் கணவரிடமும் பேசாமல் இந்த நேரம் நிலைக்காது.

லாங் பஜார் கடைக்காரர்கள் கடையடைத்து வீடு போகவே பத்தாகிறது. ஐந்து மணிக்கு பஜ்ஜி, போண்டா, டீ, பிறகு வீட்டில் முழுச் சாப்பாடு. பஜ்ஜியை நிறுத்தி ஆறரைக்குக் கடைக்கே டிபன் கேரியர் வரவழைத்தால் பாதி வேலை முடிந்தது.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்களும் ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலைத் தொழிலாளர்களும் மதியம் எழுந்ததும் ஒரு சாப்பாடு, கிளம்பும்முன் எட்டு மணிக்கு ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவு 12 முதல் 5 வரை பிரியாணியும் பரோட்டாவும் கூடாது. ஷிஃப்ட் வாராவாரம் மாறினால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

நேரம் சுருங்கும்போது முதலில் அடிபடுவது புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். இரண்டு முட்டை 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் 10, சாம்பாருக்கு 30 கிராம் பருப்பு 7, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, சமைத்த கோழி 100 கிராம் என்றால் 25 அளவு. வெறும் களியும் கீரையும் வயிற்றை நிரப்பும், கால்சியமும் தரும். ஆனால் தசையைக் காக்கப் போதாது. ஆம்பூர் பிரியாணிக்கும் தடையில்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, கத்தரிக்காயும் தயிர்ப்பச்சடியும் சேர்த்து ஒரு தட்டு, மாலையில் லேசான சாப்பாடு. அதையே ராத்திரி ஒன்பதுக்கு பார்சல் வாங்குவதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். அந்த வாரங்களில் புதிதாக விரதம் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே இருப்பவர்கள் விரத நேரத்திலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது. நாளுக்கு மூன்று லிட்டர் வேண்டும், வெயிலில் வேலை என்றால் இன்னும் கூட. உப்பு போட்ட மோரைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளானால் அன்றைக்கு விரதத்தை விட்டுவிடுங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறு வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் உடலில் நீர் வற்றும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும். இவர்கள் அளவை மாற்றாமல் தொடங்கவே கூடாது. மாற்ற வேண்டியவர் மருத்துவர், மெடிக்கல் ஷாப்காரர் அல்ல. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். "விரதம் முறியுமே" என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ரமலான் மாதத்தில் வரும் கேள்வி, "நோன்புதான் இருக்கோமே, அதுவே 16:8 ஆகாதா?" ஆகாது. நோன்பில் தண்ணீரும் கிடையாது, சாப்பிடும் நேரமோ முழுக்க இரவில். அந்த மாதம் விடியுமுன் சாப்பிடும் சஹரைத் தவிர்த்து நேரத்தை இன்னும் நீட்டுவது வேண்டாத வேலை. இந்த நேரக் கட்டுப்பாட்டைத் தொடங்க நினைப்பவர்கள் பெருநாள் கழிந்து ஒரு வாரம் விட்டுத் தொடங்கலாம்.

கல்யாண ரிசப்ஷனில் ஒன்பது மணிக்குச் சாப்பிட நேர்ந்தால் சாப்பிடுங்கள். அதை ஈடுகட்ட மறுநாள் மதியம் வரை பட்டினி கிடந்தால் அன்று மாலை அளவு மீறும். வழக்கமான ஒன்பது மணிக்கே தொடங்குங்கள். தராசில் தினமும் ஏற வேண்டாம். இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், மூச்சை விட்ட நிலையில், விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் உடல்வாகுக்கான எல்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை, தொடங்கி மூன்று மாதம் ஆவதற்குள் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் அதில் கலந்திருக்கும்.