கீரைதானே என்று பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள்

சித்த மருத்துவனான என்னிடம் பச்சைக் கீரைச் சாற்றோடு இந்த வருடத்தில் வந்த மூன்றாவது ஆள் இவர். வடசென்னை கொருக்குப்பேட்டைக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறார், பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதம் முன்பு 1.3 இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) இப்போது 2.1. என்ன சாப்பிட்டீர்கள் என்றால், பெருமையாக ஒரு கேரி பேக்கை மேசைமேல் வைக்கிறார். "மூக்கிரட்டை, டாக்டர். கிட்னிக்கு நல்லதுன்னு வீடியோல சொன்னாங்க. தினம் வெறும் வயித்துல ஒரு டம்ளர், பச்சையா."

பையைக் கொட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி சாரணை, அது வேறொரு கீரை.

மூக்கிரட்டைக்குச் சாரணத்தி என்றும் ஒரு பெயர் உண்டு. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூக்கிரட்டையின் பூ குங்குமச் சிவப்பில், பொடிப்பொடியாக, மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும். காய் பிசுபிசுவென்று புடவையில் ஒட்டும். சாரணைக்கு இலை தடிப்பு. பூ தனியாக, காம்பே இல்லாமல் இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். பூ இல்லாத செடியா? பறிக்காதீர்கள், முடிந்தது.

சாரணை விஷம் இல்லை. நம் பாட்டிமார் சமைத்ததுதான். ஆனால் ஆக்ஸலேட், அதாவது சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய உப்பு, நிறைய உள்ள கீரை. எப்படிச் சமைத்தார்கள்? நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் பருப்பில் சேர்த்தார்கள். இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: "வடிச்சா சத்தெல்லாம் போயிடுமே டாக்டர்." எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். போகட்டுமே! கொஞ்சம் வைட்டமின் போகும், கூடவே கரையும் ஆக்ஸலேட்டில் பெரும்பங்கும் போகும். பச்சையாக அரைத்தால் எதுவும் போகாது. அதுவும் ஒரு கைப்பிடி பொரியல் அல்ல, இரண்டு கட்டுக் கீரை ஒரே டம்ளரில், தினமும், வெறும் வயிற்றில். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இதில் உள்ள பொட்டாசியம் வேறு. இவருக்குச் சாறு மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சாற்றை அன்றே நிறுத்தச் சொல்லி, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினேன். சித்த மருத்துவன் அப்படி அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கட்டாயம் அனுப்ப வேண்டும்.

சரி, எங்கே பறித்தீர்கள் என்று கேட்டேன். கால்வாய் ஓரமாம். உப்பு, மஞ்சள் போட்டு மூன்று தடவை அலசினாராம். அலசினால் இலைமேல் இருக்கும் தூசி போகும். வேர் உறிஞ்சி இலைக்குள் ஏற்றிய ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எப்படிப் போகும்? மருந்து அடிக்காமல் தானாக முளைத்தது என்பதால் கொடுங்கையூர் குப்பைமேட்டுச் சரிவும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மண்ணும் சுத்தமாகிவிடுமா? கால்வாய் ஓரம், ரயில் தண்டவாள ஓரம், ஒர்க்ஷாப் பின்பக்கம், இங்கெல்லாம் கிள்ளவே கிள்ளாதீர்கள், தயவுசெய்து. உங்கள் பேத்திக்கும் அதே கீரைதான் ஊட்டுகிறீர்கள்.

நல்ல மண்ணில் கிடைத்தால் தாராளமாகப் பறியுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். காய் முற்றிய செடியை விட்டுவிடுங்கள், அடுத்த மழைக்கு அதுதான் விதை. மூக்கிரட்டை வேருக்குச் சந்தையில் காசு கிடைக்கிறது என்று கிழங்கோடு பிடுங்குகிறார்கள். அப்புறம் அங்கே என்ன முளைக்கும்?

அந்தக் கேரி பேக்கில் நிஜ மூக்கிரட்டை நாலு செடி வேரோடு இருந்தது. தூக்கிப் போடாமல் மொட்டைமாடித் தொட்டியில் நடச் சொன்னேன், புதிதாகத் துளிர்ப்பதை வீட்டில் மற்றவர்கள் சமைத்துச் சாப்பிட. மண்ணை மட்டும் கால்வாய் ஓரத்திலிருந்து அள்ளி வராதீர்கள் என்றேன். "அப்போ மண்ணு எங்க சார் வாங்குறது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.