நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்ன செய்கிறது?

இதய நோயாளி இருக்கும் வீட்டில் சார்பிட்ரேட் என்ற பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாக்குக்கு அடியில் வைத்தால் இரத்தக்குழாய் அடைப்பைக் கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எந்த அடைப்பையும் கரைப்பதில்லை. அது செய்யும் வேலை வேறு. அந்த வேலை புரிந்தால் பக்கவிளைவுகளும் புரிந்துவிடும்.

ஆஞ்சைனா வலி ஒரு வரவு செலவுத் தகராறு. மாடி ஏறும்போது இதயத் தசைக்கு ஆக்சிஜன் செலவு கூடுகிறது. கொழுப்பு படிந்து குறுகிய தமனியால் அந்த அளவுக்கு வரவு தர முடியவில்லை. நெஞ்சு இறுகுகிறது, சிலருக்குத் தாடை, இடது கை வரை வலிக்கிறது. உட்கார்ந்தால் அடங்குகிறது. இதற்கான மருந்துகள் பெரும்பாலும் குறைப்பது செலவைத்தான்.

சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, இரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகின்றன. முதலில் தளர்வது சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகள் விரிந்து இரத்தத்தைத் தேக்கிக்கொள்ள, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. இதயத்தின் சுவர் இழுபடுவதும், அதனால் ஆக்சிஜன் செலவும் குறைகிறது. இதயத் தமனிகளும் ஓரளவு விரிகின்றன. விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் ஈரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் கலக்கும்.

அதே தளர்வு தலையின் குழாய்களில் நடந்தால் தலைவலி, முகத்தில் நடந்தால் சூடு, இரத்த அழுத்தம் இறங்கினால் கிறுகிறுப்பு. அதனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இந்தத் தலைவலிக்கு வரலாறு உண்டு. 1847-இல் இத்தாலியின் டூரின் நகரில் நைட்ரோகிளிசரினை உருவாக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ அதைத் துளி ருசித்துக் கடும் தலைவலிக்கு ஆளானார். பின்னர் இதை வைத்து வெடிமருந்து செய்த தொழிற்சாலைகளில் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். நாள் போகப்போகச் சரியாகிவிடும். விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் அதே கதை. 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் இதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொழிலாளிகளின் உடல் பழகிக்கொண்டதைப் போலவே நோயாளியின் உடலும் பழகிக்கொள்ளும். அப்புறம் மருந்து வேலை செய்யாது. தினசரி நைட்ரேட் சாப்பிடுகிறவர்களுக்கு இரவில் 10 மணி நேரத்துக்கு மேல் மருந்தில்லாத இடைவெளி விடுவது அதனால்தான். அதை மறதி என்று நினைத்து ஒரு வேளை கூட்டிப் போடாதீர்கள்.

1960-களில் ஸ்காட்லாந்து மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் இதயத்தின் ஆக்சிஜன் செலவை வேறு வழியில் குறைத்தார். அவர் உருவாக்கிய புரோப்ரனோலாலும் அதன் வழிவந்த மெட்டோபுரோலாலும், இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலின் ஹார்மோனைத் தடுத்து இதயத்துடிப்பை மெதுவாக்குகின்றன. இடது இதய அறையின் தசைக்குப் பெரும்பாலான இரத்தம் கிடைப்பது இரண்டு துடிப்புகளுக்கு நடுவில்தான். துடிப்பு குறைந்தால் அந்த நேரம் நீளும், வரவும் கூடும். ஆனால் அட்ரினலின் இதயத்துக்கு மட்டும் உரியதல்ல. அதைத் தடுத்தால் சோர்வு வரும், கை சில்லிடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இதயம் அட்ரினலினுக்கு முன்னைவிட வேகமாகத் துள்ளும், மாரடைப்பே வரலாம்.

ஆஞ்சைனாவுக்குத் தரும் இன்னொரு மருந்தான அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது. சிரைப் பக்கம் அந்த அளவு விரியாததால் அழுத்தம் கூடி நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பயப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவாப்ரடின் என்ற மருந்து, இதயத்தில் இயற்கையாகவே உள்ள துடிப்பூட்டியின் அயனி வாசலை (செல்லுக்குள் மின்துகள்கள் நுழையும் துளையை) அடைத்து அதை மெதுவாக்கும். அதே வகை வாசல் விழித்திரையிலும் இருப்பதால் சிலருக்குக் கண்ணில் வெளிச்சம் மின்னும்.

இன்னொன்று மிக முக்கியம். வயாகரா என்று விற்கும் சில்டெனாஃபில், நைட்ரிக் ஆக்சைடு தரும் சமிக்ஞை அழியாமல் நீடிக்க வைக்கிறது. முதலில் ஆஞ்சைனாவுக்காகவே சோதிக்கப்பட்ட மருந்து அது. நைட்ரேட்டுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவு சரியும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், அதே வகை மருந்தான டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கூடாது. அவசரப் பிரிவில் மருத்துவர் இதைக் கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.