புற்றுநோயில் தசை கரையும்போது: உடற்பயிற்சியால் ஆவது, சத்து மாத்திரையால் ஆகாதது

புற்றுநோய்ப் பிரிவில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். என் அறைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இரண்டு காரியங்களைச் செய்துவிட்டுத்தான் வருகின்றன. நோயாளியைப் படுக்கையை விட்டு எழ விடுவதில்லை. கூடவே சத்து மாத்திரை, பவுடர், கேப்சூல் என்று ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் அன்பினால் செய்வதுதான். ஆனால் என் வேலையில் பாதி, நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வதும் அந்தப் பையைத் திறந்து பலவற்றை நிறுத்தச் சொல்வதுமாகவே போகிறது. ஆலோசனை நேரத்துக்குள் இதன் காரணங்களை முழுதாகச் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெலிவைப் பற்றி. பட்டினி கிடப்பவரின் உடல் சில நாட்களில் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டு, தசையை முடிந்தவரை விட்டுவைக்கும். புற்றுநோயில் நடப்பது அதுவல்ல. கட்டியும், அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு மண்டலமும் சேர்ந்து இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன. இவை மூளையில் பசியை அடக்குகின்றன; தசைக்குள் இருக்கும் புரதச் சிதைவு இயந்திரத்தை முடுக்கிவிடுகின்றன. கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைகிறது. இந்த நிலைக்கு மருத்துவத்தில் கேக்கெக்சியா என்று பெயர். உணவை மட்டும் கூட்டி இதை முழுதாகத் திருப்ப முடியாது என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. அழற்சியையும் அசையாமல் கிடப்பதையும் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் திணிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

2011-இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று இதற்கு அளவுகோல் வகுத்தது. உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமலே 6 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கேக்கெக்சியா. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. ஏற்கெனவே ஒல்லியானவர் என்றால், அதாவது பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 20-க்குக் கீழே இருந்தால், 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கணக்கில் வந்துவிடும். 45 கிலோ பெண்ணுக்கு அது 1 கிலோ கூட இல்லை. இதை யாரும் கவனிப்பதில்லை. பருமனானவர் மெலிந்தால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். எடை 80 கிலோவில் நிற்கும்போதே உள்ளே தசை கரைந்துபோயிருப்பவர்கள் இருக்கிறார்கள். காலில் நீர் கோத்திருந்தாலும் தராசு பொய் சொல்லும். அதனால் தராசோடு நிற்காமல் வேறு சிலவற்றையும் கேட்கிறேன்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? போன மாதம் ஏறிய படிகளை இப்போது ஏற முடிகிறதா? பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா?

தசை குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரே எடையுள்ள இருவரில் தசை குறைந்தவருக்குப் பக்கவிளைவுகள் கடுமையாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கவிளைவு கடுமையானால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டும். 2010-இல் வெளியான ஓர் எலி ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தசையைச் சிதைக்கும் ஒரு சமிக்ஞையை மட்டும் மருந்தால் தடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி குறையவில்லை. ஆனால் தசை மீண்டது. எலிகளும் நெடுநாள் உயிரோடு இருந்தன. தசையைக் காப்பாற்றுவதே ஆயுளைக் கூட்டலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை, எலியில்தான் என்றாலும்.

இப்போது படுக்கைக்கு வருவோம். "நீங்க பேசாம படுங்கப்பா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் சொல்வதை வாரம் முழுக்கக் கேட்கிறேன். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் புற்றுநோய் எதுவும் இல்லாத, ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. நோயில்லாதவருக்கே இப்படி என்றால், அழற்சியும் கீமோவும் சேர்ந்தவருக்கு ஓய்வு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

உடற்பயிற்சி கட்டியின் வளர்ச்சியையே மந்தமாக்குமா? 2016-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஓடும் சக்கரம் கொடுத்துப் பார்த்தார்கள். தாமாக ஓடிய எலிகளில் கட்டிகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தன. ஓடும்போது சுரக்கும் அட்ரினலின், நேச்சுரல் கில்லர் செல்கள் எனப்படும் எதிர்ப்பு அணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. தசையிலிருந்து வரும் இன்டர்லூகின்-6 அவற்றைக் கட்டிக்குள் போக உதவுகிறது. அந்த அணுக்களை நீக்கியபோது ஓட்டத்தின் பலனும் போய்விட்டது. அழற்சியில் தசையைக் கரைக்கும் அதே இன்டர்லூகின்-6 இங்கே நன்மை செய்கிறது. நாள் முழுதும் ரத்தத்தில் தேங்கிக் கிடப்பதும், உடற்பயிற்சியின்போது சற்று நேரம் ஏறி இறங்குவதும் வேறு வேறு.

எலியை வைத்து மனிதருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 2025-இல் மனிதர்களிலேயே ஒரு வலுவான முடிவு வந்தது. சேலஞ்ச் என்ற அந்தப் பரிசோதனையில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 3 ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. மற்றொன்றுக்கு உடல்நலக் கையேடுகள். 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 80.3 சதவீதம், இரண்டாவதில் 73.9. 8 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம். ஒரு மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் எல்லா மருத்துவர்களும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் செய்தது பெரிய சாகசமும் அல்ல. பெரும்பாலும் வேக நடை, வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் என்ற அளவுக்குத்தான் பழைய வழக்கத்தோடு கூட்டினார்கள். பலனுக்குக் காரணம் அவர்கள் விடாமல் செய்தது என்றே நான் நினைக்கிறேன்.

இதை மற்ற எல்லாப் புற்றுநோய்க்கும் எல்லா நிலைக்கும் நீட்டிப் பேசக்கூடாது. அவர்கள் சிகிச்சை முடித்தவர்கள், கேக்கெக்சியாவில் இருந்தவர்கள் அல்லர். நோய் பரவியவர்களுக்கு உடற்பயிற்சி வேறு விதத்தில் கைகொடுக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 357 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதப் பயிற்சி களைப்பைக் குறைத்து வாழ்க்கைத் தரத்தைக் கூட்டியது. மெலிவு தொடங்கியவர்கள், தொடங்கும் ஆபத்தில் இருப்பவர்கள் பற்றிய மெனாக் பரிசோதனையின் முடிவும் அதே ஆண்டுதான் வந்தது. நுரையீரல், கணையப் புற்றுநோயாளிகள் 212 பேர். உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு) சேர்ந்த ஊட்டச்சத்துப் பானம், அழற்சி குறைக்கும் மருந்து எல்லாம் சேர்த்து 6 வாரம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 1 கிலோ இழந்தபோது, இவர்களின் எடை அப்படியே நின்றது. ஆனால் தசையின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நிலையில் தொடங்கினால் கிடைப்பது கொஞ்சம்தான்.

என்ன செய்யலாம்? நிபுணர்களின் பொதுவான பரிந்துரை, வாரத்தில் 3 நாள் 30 நிமிட நடை போன்ற பயிற்சி, 2 நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. முடியாதவர் 5 நிமிடத்தில் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எனக்கு மிகப் பிடித்த பயிற்சி; தொடையின் பெரிய தசைகள் அதில் வேலை செய்கின்றன, கருவி எதுவும் வேண்டாம். கீமோ போட்ட அடுத்த இரண்டு மூன்று நாள் குறைத்துக்கொண்டு, தெம்பு வரும் நாட்களில் கூட்டுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால், காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல், புதிதாக வந்த முதுகுவலி இருந்தால் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். எலும்பில் பரவல் இருப்பவர்களும் பயிற்சி செய்யலாம். எந்த அசைவு கூடாது என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அசைந்த தசைக்குப் புரதம் வேண்டும். ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல் முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் சுமார் 8 கிராம். கணக்குப் போட்டால் பலர் பாதியைக்கூடத் தொடுவதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவு மாறும். சாப்பிடாததற்குப் பின்னால் பெரும்பாலும் தீர்க்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும்: வாய்ப்புண், மலச்சிக்கல், குமட்டல், வலி, மனச்சோர்வு. அதற்கு மருந்து கொடுத்தாலே தட்டு காலியாகும். இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் மருத்துவர் எழுதித் தரும் ஊட்டச்சத்துப் பானம் உண்மையிலேயே உதவும்.

"சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும்" என்ற பேச்சை நம்பி, பாலையும் மாமிசத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் தசையை உடைத்து ரத்தத்தில் சர்க்கரையைக் கல்லீரல் தயாரித்துவிடும். பட்டினி கிடப்பது நீங்கள்தான், கட்டி அல்ல.

இனி அந்தப் பை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, பி12, இரும்பு குறைவு என்று தெரிந்து மருத்துவர் கொடுப்பது சிகிச்சை. அது வேறு. நான் சொல்வது எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கும் அதிக வீரிய மாத்திரைகளை. 1994-இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த கேரட் (CARET) என்ற இதே வகை ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரை ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்த செலக்ட் ஆய்வில் நோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் அறிவித்தார்கள். வைட்டமின் டி-யும் ஒமேகா-3-யும் புற்றுநோய் வராமல் தடுக்கவில்லை என்பதை 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வு காட்டியது, கெடுதலும் செய்யவில்லை.

சிகிச்சை நடக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் புற்றணுக்களைக் கொல்வதில், செல்களைத் தாக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் என்ற வேதிப் பொருட்களுக்குப் பங்கு உண்டு. அவற்றை அணைக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரையை அதே நேரத்தில் விழுங்கினால் அது யாருக்கு உதவும்? கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இவற்றை எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருக்கலாம் என்று 2020-இல் ஓர் ஆய்வு சுட்டியது. அது கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுதான், முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் நான் அந்த ஆபத்தை எடுக்கச் சொல்லமாட்டேன். மூலிகை என்பதால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இரினோடீகான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் பொருளை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்துவிட்டது. கிரீன் டீ சாறு கேப்சூல்கள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. முடிக்காக எடுக்கும் பயோட்டின், ரத்தப் பரிசோதனை முடிவுகளையே பொய்யாக்கலாம். கீமோவில் எடை குறைபவர்களுக்கு ஒமேகா-3 பசியையும் எடையையும் ஓரளவு காக்கலாம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அதையும் கேட்டுவிட்டே எடுங்கள்.

மருந்துகளிலும் நல்ல செய்தி வரத் தொடங்கியிருக்கிறது. கீமோ பெறுபவர்களுக்கு மிகக் குறைந்த அளவு ஒலான்சபின் மாத்திரை, அதாவது நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம், எடையைக் கூட்டுவதை 2023-இல் வெளியான ஜிப்மர் ஆய்வு காட்டியது: 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்து எடுத்தோரில் 60 சதவீதம், போலி மாத்திரை எடுத்தோரில் 9 சதவீதம். பசியை அடக்கும் ஜிடிஎஃப்-15 என்ற பொருளைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி மருந்தும் 2024-இல் நம்பிக்கை தந்திருக்கிறது. அது இன்னும் ஆய்வு நிலையில்தான்.

நோய் முற்றி, சிகிச்சைக்கு உடல் ஈடுகொடுக்காத கட்டத்தில் மேலே சொன்ன கணக்குகள் எதுவும் பொருந்தாது. அப்போது ஊட்டி ஊட்டித் திணிப்பது குமட்டலையும் மூச்சுத்திணறலையும் தரும். அவர் சாப்பிடாதது உங்கள் கவனிப்பின் குறையல்ல. கேட்டதை, கேட்ட அளவு கொடுத்தால் போதும்.

அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதே தராசில், அதே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும், லேபிளோடு, அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். 5 சதவீதம் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டாம். 2 சதவீதம் குறைந்ததுமே, அடுத்த தேதிக்குக் காத்திராமல், ஊட்டச்சத்து ஆலோசகரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.